1,200 டாலர் மெஷினா, 8,000 டாலர் மெஷினா? தங்கம் தேட டிடெக்டர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

2023 மார்ச்சில் ஒரு செய்தி உலகம் முழுக்க வைரல் ஆனது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒருவர் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போனார். 4.6 கிலோ எடையுள்ள ஒரு கல்லோடு திரும்பி வந்தார். ஜீலாங் நகரில் தங்கம் வாங்கும் கடையில் அதைக் கொடுத்தபோது, உள்ளே 2.6 கிலோ தங்கம் இருப்பது தெரிந்தது. நம்ம கணக்கில் 325 பவுன். அப்போது போட்ட மதிப்பு சுமார் 2,40,000 ஆஸ்திரேலிய டாலர், அதாவது ஏறத்தாழ 1.3 கோடி ரூபாய்.

அந்தச் செய்தியில் எல்லோரும் பிடித்துக்கொண்ட விஷயம் இன்னொன்று. அவர் கையில் இருந்தது 1,200 டாலர் மதிப்புள்ள சாதாரண டிடெக்டர்.

மெல்பர்ன், பெர்த் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் நம்மூர் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்களில் இப்படியான செய்தி வந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: 'மச்சி, நாமளும் ஒண்ணு வாங்கலாமா?' வாங்கலாம். அங்கே இது சட்டப்படியான பொழுதுபோக்கு. ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் பணம் போகும். 200 டாலர் பொம்மையில் இருந்து 10,000 டாலரைத் தொடும் மெஷின் வரை சந்தையில் இருக்கிறது. விலை கூடினால் தங்கம் கூடும் என்று நினைத்தாலும் தவறு. மலிவானதிலேயே 325 பவுன் கிடைத்ததே என்று நினைத்தாலும் தவறு.

ஏன் விக்டோரியா?

விக்டோரியாவில் தங்க வேட்டை 1851-ல் தொடங்கியது. பெண்டிகோ, பல்லாரட் எல்லாம் அந்தக் காசில் எழும்பிய ஊர்கள். டனோலி, டார்னகுல்லா, வெடர்பர்ன், இங்கிள்வுட், மேரிபரோ என்று இருக்கும் சின்னச் சின்ன ஊர்களைச் சேர்த்து 'கோல்டன் டிரையாங்கிள்' என்பார்கள். இந்தப் பகுதியின் விசேஷம், தங்கம் தூளாக மட்டும் இல்லாமல் கட்டியாகவும் கிடைப்பது. அதுவும் மேல்மண்ணிலேயே.

1869 பிப்ரவரி 5-ம் தேதி மோலியாகுல் என்ற இடத்தில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவருக்குக் கிடைத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டியில் சுமார் 72 கிலோ தங்கம் இருந்தது. 9,000 பவுன்! ஒரு மரத்தின் வேரடியில், தரையிலிருந்து வெறும் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடந்தது. எடை போட அந்த அளவுக்குத் தராசு இல்லாமல், பட்டறையில் வைத்து வெட்டித்தான் எடை போட்டார்கள்.

அது டிடெக்டர் இல்லாத காலம். டிடெக்டர் காலத்தின் சாதனை 1980 செப்டம்பரில் வந்தது. கிங்கோவர் அருகே கெவின் ஹில்லியர் என்பவர் 27 கிலோவைத் தாண்டிய 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியை எடுத்தார். அது கிடந்த ஆழம் சுமார் 30 சென்டிமீட்டர். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் உள்ள 'கோல்டன் நக்கெட்' சூதாட்ட விடுதி அதைப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2013 ஜனவரியில் பல்லாரட் அருகே 5.5 கிலோ கட்டி ஒன்று கிடைத்தது. அது சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. கண்டுபிடித்தது மைன்லேப் ஜி.பி.எக்ஸ். 5000 என்ற விலை உயர்ந்த மெஷின்.

இந்த ஆழங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 3 செ.மீ., 30 செ.மீ., 60 செ.மீ. காலம் போகப் போக, கைக்கு எட்டிய மேல்மண் தங்கத்தையெல்லாம் முன்னால் போனவர்கள் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒன்று ஆழத்தில் இருக்கும், அல்லது பழைய மெஷின்களின் காதுக்குக் கேட்காத அளவுக்குச் சின்னதாக இருக்கும். டிடெக்டர் கம்பெனிகள் இந்த இரண்டுக்காகத்தான் போட்டி போடுகின்றன.

மெஷின் உண்மையில் என்ன செய்கிறது?

டிடெக்டருக்குத் தங்கம் என்றால் என்னவென்றே தெரியாது. இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

கீழே வட்டமாக இருக்கும் பகுதிக்குப் பெயர் காயில். உள்ளே செம்புக் கம்பிச் சுற்று. அதில் மின்சாரம் ஏறி இறங்கும்போது, சுற்றிலும் ஏறி இறங்கும் காந்தப்புலம் உருவாகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் பட்டால், உலோகத்துக்குள் குட்டிக் குட்டிச் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை தங்கள் பங்குக்கு ஒரு சின்ன காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். காயில் அதைப் பிடித்து உங்கள் காதில் சத்தமாகத் தருகிறது. அவ்வளவுதான் வித்தை. மண்ணுக்குள் இருப்பது மோதிரமா, பீர் கேன் மூடியா, துப்பாக்கிக் குண்டா என்பதை அது ஊகிக்கத்தான் முடியும்.

சிக்கல் என்னவென்றால், மண்ணும் பதில் சொல்லும். தங்கம் இருக்கும் பூமி பெரும்பாலும் இரும்புத் தாது கலந்த சிவப்பு மண். அதில் இருக்கும் மேக்னடைட், மேகெமைட் போன்ற இரும்பு ஆக்சைடுகள் காந்தப்புலத்தோடு விளையாடும். சில கற்கள் அச்சு அசல் தங்கம் மாதிரியே சத்தம் எழுப்பும். அவற்றை 'ஹாட் ராக்' என்கிறார்கள். கடையில் மேசை மேல் மோதிரத்தை வைத்துக் காட்டினால் எந்த மெஷினும் கத்தும். சிவப்பு மண்ணில் கத்தாமல் இருக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இதற்குத்தான்.

வி.எல்.எஃப்., பி.ஐ.: இந்த இரண்டு எழுத்துகளில்தான் முடிவு

தங்கம் தேடும் டிடெக்டர்களைப் பெரும்பாலும் இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம்.

முதலாவது வி.எல்.எஃப். இது நிற்காமல் சிக்னலை அனுப்பிக்கொண்டே, வரும் பதிலையும் கேட்டுக்கொண்டே இருக்கும். அனுப்பியதற்கும் வந்ததற்கும் உள்ள கால வித்தியாசத்தை வைத்து, கீழே இருப்பது இரும்பா வேறு உலோகமா என்று ஓரளவு சொல்லிவிடும். எடை குறைவு, விலை குறைவு, பேட்டரி நாள் முழுக்க நிற்கும். இதிலேயே தங்கத்துக்கென்று செய்த மாடல்கள் அதிக அலைவரிசையில் வேலை செய்யும். மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000-க்கு 45 கிலோஹெர்ட்ஸ். கேரட் 24கே-க்கு 48. நோக்டா கோல்ட் க்ரூசருக்கு 61. பழைய ஜாம்பவான் ஃபிஷர் கோல்ட் பக் 2-க்கு 71. (கேரட் என்பது நகைக்கடை கேரட் இல்லை, அமெரிக்க கம்பெனி ஒன்றின் பெயர். 24 என்று மாடலுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு அந்த குறும்பு தெரிந்துதான் இருக்கும்.)

அலைவரிசை ஏன் அதிகம் வேண்டும்? சின்னத் தங்கத் துணுக்கில் கிளம்பும் சுழல் மின்னோட்டம் கண் இமைக்கும் நேரத்தில் செத்துவிடும். குறைந்த அலைவரிசை அதைக் கவனிக்காமலே போய்விடும். கடற்கரையில் நாணயம் தேடும் 5, 7 கிலோஹெர்ட்ஸ் மெஷினோடு தங்கக் காட்டுக்குப் போனால், நாணயம் கிடைக்கலாம். அரிசி மணி அளவு தங்கம் காலுக்கடியில் இருந்தாலும் மெஷின் வாய் திறக்காது.

வி.எல்.எஃப்-ன் பலவீனம் மண். சிவப்பு மண்ணில் மண்ணின் பதிலே பெரிதாகி, தங்கத்தின் பதிலை முழுங்கிவிடும். சத்தத்தைத் தாங்க முடியாமல் சென்சிடிவிட்டியைக் குறைப்பீர்கள். குறைத்தால் ஆழம் போய்விடும். சில இடங்களில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டுவதே பெரிய பாடாகிவிடும்.

இரண்டாவது பி.ஐ., அதாவது பல்ஸ் இண்டக்‌ஷன். இது ஒரு பலமான துடிப்பை அனுப்பிவிட்டு, சட்டென்று நிறுத்திவிட்டு, அமைதியில் காது கொடுத்துக் கேட்கும். துடிப்பு நின்றதும் மண்ணின் பதிலில் பெரும்பகுதி அடங்கிவிடும். உலோகத்தின் பதில் இன்னும் சில மைக்ரோ நொடிகள் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலைத்தான் இது பிடிக்கிறது. அதனால் சிவப்பு மண்ணிலும் ஆழமாகப் போகும். இந்த முறையில் தங்கத்துக்கென்று மைன்லேப் 1995-ல் எஸ்.டி. 2000 என்ற மெஷினைக் கொண்டுவந்த பிறகு, 'இங்கே எல்லாம் எடுத்தாச்சு' என்று கைவிடப்பட்ட இடங்களில் மறுபடியும் தங்கம் கிளம்பியது.

அப்படியானால் பி.ஐ-யை வாங்கிவிட்டால் முடிந்ததா? இல்லை. இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் பி.ஐ. ரொம்ப வீக். சத்தம் வந்தால் தோண்ட வேண்டும். எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். 170 வருஷமாக மனிதர்கள் புழங்கிய காட்டில் ஆணி, குதிரை லாடம், முள்கம்பி, வேட்டைத் துப்பாக்கியின் ஈயக் குண்டு என்று எவ்வளவு கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாள் முழுக்கத் தோண்டி ஒரு டப்பா துருப்பிடித்த ஆணியோடு திரும்புவதுதான் பெரும்பாலானவர்களின் அனுபவம்.

வி.எல்.எஃப். மட்டும் இதில் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. அலுமினியத் தாள், கேன் மூடியின் வளையம், ஈயம் எல்லாம் திரையில் காட்டும் எண்ணும், தங்கம் காட்டும் எண்ணும் ஒன்றோடு ஒன்று மேலேறி நிற்கும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை மறைத்துவிட்டால், கூடவே தங்கமும் மறைந்துவிடும். சிவப்பு மண்ணின் குழப்பத்தில் சின்னத் தங்கத்தையே சில நேரம் இரும்பு என்று சொல்லிவிடும். 'இது தங்கத்தை மட்டும் காட்டும்' என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

எந்த பட்ஜெட்டுக்கு எது?

1,000 முதல் 1,500 ஆஸ்திரேலிய டாலர் வரை என்றால் வி.எல்.எஃப்.தான். கோல்ட் மான்ஸ்டர் 1000 புதியவர்களுக்கு எளிது. மண்ணுக்கு ஏற்ப அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும், திருகுவதற்கு அதிகம் பட்டன் கிடையாது. 1.3 கிலோ எடைதான். தங்கம் மட்டும் இல்லாமல் கடற்கரை, பூங்கா என்று எல்லா இடத்துக்கும் ஒரே மெஷின் வேண்டும் என்றால், பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இயங்கும் ஈக்வினாக்ஸ் வரிசை உண்டு. 2023-ல் அந்த 325 பவுன் கல்லைக் காட்டிக்கொடுத்தது ஈக்வினாக்ஸ் 800. தண்ணீருக்குள் 3 மீட்டர் வரை தாங்கும்.

அதற்கு மேல் போனால் பி.ஐ. உலகம். எஸ்.டி.சி. 2300 மடக்கி முதுகுப்பையில் வைத்துக்கொள்ளலாம். 8 அங்குலக் காயில்தான் என்பதால் பெரிய ஆழம் கிடையாது. ஆனால் சிவப்பு மண்ணில் சின்னத் துணுக்குகளைப் பொறுக்குவதில் பெயர் வாங்கிய மெஷின், ஓடைத் தண்ணீரிலும் இறக்கலாம். 2021-ல் வந்த ஜி.பி.எக்ஸ். 6000-தான் பலரும் ஆசைப்படுவது. 2.1 கிலோ எடை, பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். 8,000 டாலரை ஒட்டிய விலை. 2022-ல் கேரட் கம்பெனி ஆக்சியம் என்ற பி.ஐ. மெஷினோடு போட்டிக்கு வந்தது. மைன்லேப்பின் ஜி.பி.இசட். 7000 இவை எல்லாவற்றுக்கும் மேலே. அதில் வேறொரு தொழில்நுட்பம், ஆழமும் அதிகம். எடை 3 கிலோவுக்கு மேல்.

எடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இது ஜிம்மில் மூன்று செட் தூக்கிவிட்டு வைக்கும் டம்பெல் இல்லை. ஆறு, ஏழு மணி நேரம் ஒரே கையில் பிடித்து, தரையை உரசுகிற மாதிரி இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டும். கை வலித்தால் காயில் மேலே எழும்பும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் காயில் ஐந்து சென்டிமீட்டர் மேலே போனால், 8,000 டாலர் கொடுத்து வாங்கிய ஆழத்தில் ஐந்து சென்டிமீட்டரைக் காற்றுக்குத் தானம் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

காயிலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய காயில் ஆழமாகப் போகும், ஒரு வீச்சில் அதிக இடத்தை மூடும், ஆனால் சின்னத் துணுக்கைத் தவறவிடும். சின்ன காயில் நேர்மாறு. புதர்களுக்கு நடுவிலும் பாறை இடுக்கிலும் நுழையும். பி.ஐ-யில் ஒரே சுற்றே அனுப்பியும் கேட்டும் வேலை செய்யும் காயிலை மோனோ என்பார்கள். அதுதான் கூர்மையானது. இரண்டு டி எழுத்துகளை முதுகோடு முதுகு ஒட்டிய மாதிரி இருக்கும் டபுள் டி காயில் கொஞ்சம் ஆழம் குறைவு, ஆனால் மோசமான மண்ணிலும் மின்கம்பிக்கு அருகிலும் அமைதியாக இருக்கும். முதல் வருஷம் மெஷினோடு வந்த காயிலே போதும். காயில் மேல் காயில் வாங்கிக் குவிப்பது இந்தப் பொழுதுபோக்கின் தொற்றுவியாதி.

ஒரு கணக்கு போடுவோமா?

2023 செய்தியில் வந்த மதிப்பையே எடுத்துக்கொள்வோம். 2.6 கிலோவுக்கு 2,40,000 டாலர் என்றால் கிராமுக்குச் சுமார் 92 டாலர். தங்கம் விலை அதற்குப் பிறகு நன்றாகவே ஏறிவிட்டது. ஆனாலும் கணக்கு புரிய இது போதும்.

பொழுதுபோக்காகத் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிராமுக்குக் கீழே. 0.3 கிராம் துணுக்கு ஒன்று என்று வைத்தால், மதிப்பு சுமார் 28 டாலர். 8,000 டாலர் மெஷினின் காசை எடுக்க இப்படி 285-க்கு மேல் துணுக்குகள் வேண்டும். 1,200 டாலர் மெஷினுக்கு 43 போதும். மெல்பர்னில் இருந்து டனோலிக்குப் போக மட்டும் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெட்ரோல், சாப்பாடு, தங்கும் செலவு எல்லாம் தனி. நாள் முழுக்க நடந்து ஒன்றுமே கிடைக்காமல் திரும்பும் சனிக்கிழமைகள் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

வைரல் ஆகிற செய்தி கிடைத்தவரைப் பற்றித்தான். அதே சனிக்கிழமை அதே காட்டில் வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. அந்த 2.6 கிலோ கட்டி மலிவான மெஷினில் சிக்கியதற்குக் காரணமும் எளிது. அவ்வளவு பெரிய தங்கத்தை எந்த மெஷினும் கேட்கும். நீங்கள் தினமும் தேடப்போவது அதை அல்ல, அரிசி மணியை.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் 8,000 டாலரை க்ரெடிட் கார்டில் தேய்த்து, 'தங்கம் எடுத்து ட்யூ கட்டிடலாம்' என்று யாராவது சொன்னால், நண்பராக இருந்து தடுப்பது உங்கள் கடமை. வருமானத்துக்கு என்றால் வேண்டாம். வார இறுதியில் காட்டில் நடக்க ஒரு காரணம் வேண்டும், கிடைத்தால் லாபம் என்றால் தாராளமாகப் போகலாம்.

அப்படியானால் என்னதான் செய்வது?

என் பரிந்துரை: முதலில் வாடகைக்கு எடுங்கள். விக்டோரியாவின் தங்க ஊர்களில் டிடெக்டர் விற்கும் கடைகள் சில வாடகைக்கும் தருகின்றன. ஒரு வார இறுதிக்கு ஒரு பி.ஐ. மெஷினை எடுத்து, கடைக்காரரிடமே எப்படி ஆட்டுவது, எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொண்டு போய்ப் பாருங்கள். இரண்டு நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும், இது உங்களுக்கு ஒத்துவருமா இல்லை சும்மா ரீல்ஸ் பார்த்து வந்த ஆசையா என்று.

தொடர்வது என்று முடிவானால், விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா போன்ற சிவப்பு மண்ணுக்குப் பழைய பி.ஐ. ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்குவது புதிய வி.எல்.எஃப்-ஐவிட நல்ல முதலீடு என்பேன். இந்த மெஷின்களுக்கு மறுவிற்பனைச் சந்தை உண்டு, பிடிக்கவில்லை என்றால் பெரிய நஷ்டம் இல்லாமல் கைமாற்றிவிடலாம். பணம் அவ்வளவு இல்லை, அல்லது ஓடைகளிலும் மிதமான மண்ணிலும் மட்டும்தான் தேடப் போகிறீர்கள் என்றால் தங்கத்துக்கென்று செய்த வி.எல்.எஃப். போதும்.

பழையதை வாங்கும்போது தங்க மோதிரத்தைக் காட்டிச் சோதிக்காதீர்கள். மோதிரம் வளையம், வளையத்தை எல்லா மெஷினும் சுலபமாகப் பிடிக்கும். தூண்டில் கடையில் விற்கும் மிகச் சின்ன ஈயக் குண்டு ஒன்றை மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் புதைத்துப் பாருங்கள். சின்னத் தங்கத் துணுக்கின் பதிலும் ஈயத்தின் பதிலும் ஏறக்குறைய ஒன்று. அனுபவசாலிகள் புது மெஷினைப் பழகுவதும் இப்படித்தான்.

மெஷினுக்கு வெளியே இன்னும் சில செலவுகள் உண்டு. நல்ல ஹெட்போன் கட்டாயம். ஆழத்தில் இருக்கும் தங்கம் கத்தாது, பின்னணி ரீங்காரத்தில் லேசாக ஒரு அசைவு மட்டும் வரும். ஸ்பீக்கரில், காற்றடிக்கும் காட்டில், அது காதில் விழவே விழாது. தலையில் காந்தம் ஒட்டிய சின்னக் கடப்பாறை, அதாவது பிக், ஆணிகளை அதுவே இழுத்துக்கொள்ளும். தோண்டிய மண்ணை அள்ள ஒரு பிளாஸ்டிக் கரண்டி. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் மெஷின் உங்கள் நோட்டிஃபிகேஷனுக்கெல்லாம் பதில் சொல்லும்.

ஆன்லைனில் விற்கும் 'லாங் ரேஞ்ச்' மெஷின்கள்

யூடியூபில் ஒரு ரகம் ஓடுகிறது. துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு கைப்பிடி, அதிலிருந்து நீளும் ஒரு ஆன்டெனா. 'ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் தங்கத்தைக் காட்டும்' என்று லட்சக்கணக்கில் விலை. ஆன்டெனா தானாகத் திரும்பித் தங்கம் இருக்கும் திசையைக் காட்டுமாம். மேலே பார்த்தோமே, 2013-ல் பிடிபட்ட 5.5 கிலோ கட்டியே 60 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருந்தது. ஒரு கிலோமீட்டர் என்பது என்ன கணக்கு?

இதே மாதிரிப் பொருளை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று விற்ற கதை உண்டு. ஏ.டி.இ. 651 என்ற அந்தக் கருவியை ஈராக் அரசு கோடிக்கணக்கில் வாங்கிச் சோதனைச் சாவடிகளில் வைத்திருந்தது. உள்ளே வேலை செய்யும் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. தொலைந்த கோல்ஃப் பந்தைத் தேட உதவும் என்று விற்ற விளையாட்டுச் சாமானில் இருந்து உருவான கருவி அது. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை கொடுத்தது. அந்தக் கருவியை நம்பிச் சாவடியில் நின்றவர்களுக்கு நேர்ந்ததை நினைத்தால், தங்கம் தேடி ஏமாறுவது சின்ன விஷயம்தான். ஆனாலும் லட்சம் லட்சம்தானே.

போலி மெஷின்கள் இன்னொரு தலைவலி. மைன்லேப் மாடல்களை அப்படியே நகல் எடுத்த சரக்கு பல நாடுகளில் விற்றிருக்கிறது. பாதி விலைக்குப் 'புத்தம் புது' ஜி.பி.எக்ஸ். என்றால் சந்தேகப்படுங்கள். பணம் கொடுக்கும் முன் சீரியல் நம்பரைக் கம்பெனியிடம் சரிபாருங்கள்.

லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டும். விக்டோரியாவில் 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச்சீட்டு. ஆன்லைனிலேயே வாங்கலாம், 30 டாலருக்குள் முடிந்துவிடும், 10 ஆண்டு செல்லும். பெயரில் இருக்கும் 'ரைட்'டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1854-ல் பல்லாரட்டில் அதிக லைசென்ஸ் கட்டணத்தை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் யுரேகா கிளர்ச்சி செய்தார்கள். ரத்தம் சிந்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான், 1855-ல் இந்த மலிவான உரிமைச் சீட்டு வந்தது. இதை வைத்திருப்பவர் அனுமதி உள்ள இடத்தில் எடுக்கும் தங்கம் அவருக்கே சொந்தம்.

எங்கே வேண்டுமானாலும் தோண்டலாம் என்று அர்த்தம் இல்லை. தனியார் நிலம் என்றால் உரிமையாளர் சம்மதம் வேண்டும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கூடாது. பழங்குடி மக்களின் பாரம்பரிய இடங்களைத் தொடவே கூடாது. கைக்கருவி மட்டும்தான், பொக்லைன் எல்லாம் கிடையாது. தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் விதிகள் வேறு. அங்கே கல்கூர்லி, லியனோரா பக்கம் நிலத்தில் பெரும்பகுதி ஏதாவது ஒரு கம்பெனியின் ஆய்வு உரிமத்துக்குள் வரும். மைனர்ஸ் ரைட்டோடு தனியாக இன்னொரு அனுமதியும் வாங்க வேண்டிவரும். கிளம்பும் முன் அரசின் வரைபடத்தைப் பார்ப்பது அவசியம். விக்டோரியாவில் புதியவர்களுக்கு வழிகாட்ட 'ப்ராஸ்பெக்டர்ஸ் அண்ட் மைனர்ஸ் அசோசியேஷன்' இருக்கிறது. சேர்ந்துகொண்டால் அனுபவசாலிகளோடு போகும் வாய்ப்பும் கிடைக்கும்.

தனியாகப் போகாதீர்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய தங்கக் காடுகளில் 19-ம் நூற்றாண்டில் தோண்டிக் கைவிட்ட கிணறு போன்ற குழிகள் மூடாமலே கிடக்கின்றன, புல் மறைத்திருக்கும். காதில் ஹெட்போன், கண் தரையில் காயிலின் மேல் என்று நடப்பவர் அதைக் கவனிக்க வாய்ப்புக் குறைவு. கோடையில் பழுப்புப் பாம்புகள் உண்டு. பழைய சுரங்கக் கழிவு மண்ணில் ஆர்சனிக் கலந்திருக்கும், அதனால் கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், குழந்தைகளை அந்த மண்ணில் விளையாட விடாதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்பகுதிகளில் போன் சிக்னல் கிடையாது. அங்கே டிடெக்டரை விட அவசியமானது தண்ணீரும், ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் பீக்கனும்.

இதையே நம்ம ஊரில் செய்யலாமா?

செய்யக் கூடாது. இந்தியாவில் மைனர்ஸ் ரைட் மாதிரி பொழுதுபோக்குச் சீட்டு எதுவும் கிடையாது. கனிமம் தேடுவதும் எடுப்பதும் 1957-ம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்துக்குள் வருகிறது, உரிமம் இல்லாமல் செய்தால் வழக்கு. புதைந்த பழைய நகையோ நாணயமோ கிடைத்தால் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். அதன்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். ஆம், 10 ரூபாய்தான். வெள்ளைக்காரன் காலத்து வரம்பு.

தங்கமே இல்லாத ஊர் என்பதால் அல்ல. நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பக்கம் 1880-களை ஒட்டி பிரிட்டிஷ் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு தங்கச் சுரங்கம் தோண்டின. எதிர்பார்த்த தங்கம் வராமல் சில ஆண்டுகளிலேயே சுருண்டன. அந்தச் சுரங்கக் குழிகள் இன்னும் காட்டுக்குள் இருக்கின்றன. திருட்டுத்தனமாக உள்ளே இறங்கித் தங்கம் தேடியவர்கள் மண் சரிந்து இறந்த சம்பவங்களும் அங்கே உண்டு.